பெரிய பாறைக்கு மேலே

மனாடோ
12 பிப்ரவரி 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானா? அண்ணியின் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? போன கப்பலில் அனுப்பிய மாத்திரை வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போன மாதம் ஊரில் நடந்த துலுடே நன்றி விழாவுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பறவைக் காப்பு அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. எல்லாம் நம் ஊர்ப் பறவையால்தான். நியு. நம் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த நீலக் குருவி இன்னும் எத்தனை மிச்சம், எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு அறிக்கை தயாராகிறது. ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலில் அது ஏற்கனவே இருக்கிறது. இந்த வருடம் அரசாங்கம் சஹெண்டாருமன் மலையில் காப்புக்காட்டு எல்லையையும் வரையப் போகிறது. பறவை இருக்கிற இடம் கோட்டுக்குள் வரும், அங்கே மரம் வெட்ட முடியாது; இல்லாத இடம் வராது.

மலையுச்சிப் பள்ளத்தாக்குகளை எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கச் சரிவுக்கு வர ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். பெரிய பாறைக்கு மேலே இருக்கிற நம் நிலத்தில் நியு கண்ணில் படுகிறதா? ஊர்த்தலைவர் என்ற முறையில் முத்திரை வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் தலைவர் ஹெர்மான் ஐயா தினமும் என் மேசைக்கு வந்து, “உங்க அண்ணன் என்ன சொன்னார்?” என்று நிற்கிறார். என் அண்ணன் சீக்கிரம் பதில் போடுகிற ஆள் என்று அவரிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
ஓர்பா


லெகாவெங்
9 மார்ச் 2003

அன்புத் தங்கை ஓர்பாவுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், ஆண்டவருக்கு நன்றி. மாத்திரை வந்தது. உன் அண்ணி இரண்டு நாள் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் கசக்கிறது என்று நிறுத்திவிட்டாள். அவள் தலை சுற்றுவதற்கு மாத்திரை கிடையாது. அவள் தம்பி மார்ட்டெனுக்குப் படகு கிடைத்தால் அது தானாக நின்றுவிடும்.

நீ கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை சரியாக விழவில்லை, மை காய்ந்துவிட்டது. பெரிய பாறைக்கு மேலே நியு கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. தெளிவாக எழுதியிருக்கிறேன், ஹெர்மான் ஐயாவுக்குப் படித்துக் காட்டு.

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. போன வருடம் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மலைக்குப் போய் மூன்று நாள் மழையில் கிடந்துவிட்டு, அட்டை கடித்த காலோடு இறங்கி வந்தார்கள். அதில் ஒருவன் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். அடிபட்டுவிட்டதோ என்று ஓடிப் போய்க் கேட்டால், குருவியைப் பார்த்துவிட்டானாம், அந்த சந்தோஷமாம்! மூத்தவள் பிறந்தபோது உன் அண்ணி தெல்ஃபினா வலியில் துடித்தாளே, ரோடு இடிந்து கிடந்ததே, அன்றைக்கு எந்த நாட்டுக்காரன் அழுதான்? மார்ட்டென்தான் அந்தக் கொந்தளிப்பில் படகைத் தள்ளி அவளைத் தஹூனா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தப் படகுதான் இப்போது உளுத்துப்போய்க் கரையில் கிடக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் முடிந்ததும் பாறைக்கு மேலே இருக்கிற பெரிய மரங்களை வெட்டி மார்ட்டெனுக்குக் கொடுக்கிறேன். படகுக்கு ஆகும். காலியாகிற இடத்தில் ஜாதிக்காய் வைப்பேன். நாற்று இப்போதே முழங்கால் உயரம் வந்துவிட்டது. நான் ஒன்றும் தவறு செய்யவில்லையே, அது அப்பாவிடமிருந்து எனக்கு வந்த நிலம்.

நன்றாகச் சாப்பிடு. கப்பலில் வருகிறவர்களிடம் உப்புக்கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
அல்ஃபியுஸ்


மனாடோ
28 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அங்கேயும் ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். கருவாடு வந்தது. அறையில் கூட இருக்கிற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். முழுதும் எனக்கே.

உங்கள் கடிதத்தை ஹெர்மான் ஐயா இரண்டு முறை படித்தார். பிறகு அதை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். “லெகாவெங் ஊர்ச் சரிவு: பறவை இல்லை, ஊர்த்தலைவர் கடிதப்படி.” நானேதான் தட்டச்சு செய்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நிச்சயமாகத்தானே எழுதினீர்கள்? போய்ப் பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? நீங்கள் எதையும் ஒற்றை வரியில் சொல்கிறவர் இல்லை. சந்தைக்குப் போய் வந்த கதையையே ஒரு பொழுது சொல்வீர்கள். அந்தக் கடிதத்தில் “கிடையாது” என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே படுகிற பாடு கொஞ்சமில்லை. பறவைக் குரலைப் பதிவு செய்கிற கருவி போன வாரம் நனைந்து கெட்டுவிட்டது. புதிது கேட்டு எழுதினால், பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிது தருவார்களாம். பழையது மலையிலிருந்து உருண்டு ஆற்றோடு போய்விட்டது என்று எழுதினேன். ஆறு எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது.

மரம் வெட்டியாகிவிட்டதா? மார்ட்டென் அண்ணனுக்குப் படகு வேண்டியதுதான். நான் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியனுப்பவில்லையே.

அண்ணியிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓர்பா


லெகாவெங்
20 மே 2003

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். உன் அண்ணி மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்குகிறாள்.

மரம் இன்னும் வெட்டவில்லை. காரணம் கேட்டால் ஒன்றா இரண்டா! முதலில் ரம்பம் மழுங்கியிருந்தது. தீட்டக் கொடுத்தால் தீட்டுகிறவன் பல்லைக் கெடுத்துவிட்டான். அது சரியானதும் மழை. மழை விட்டால் கோயில் கூரை ஒழுகுகிறது என்று போதகர் வந்து நின்றார். கூரை முடிந்தால் என் முழங்கால். இந்த முழங்காலோடு சரிவில் ஏறி மரம் வெட்டினால், மரம் ஒரு பக்கம் விழும், நான் ஒரு பக்கம் விழுவேன்.

மார்ட்டென் தினமும் வருகிறான். வந்து ஒன்றும் கேட்பதில்லை. வாசல்படியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறான். அவன் வாய்விட்டுக் கேட்டால் ஒரு சத்தம் போட்டு அனுப்பிவிடலாம். இப்படி உட்கார்ந்தால் என்ன செய்வது? நேற்று நானே, “என்ன மச்சான், கடல் எங்கேயும் போயிடாது”ன்னேன். “கடல் போகாது மச்சான். மீன்தான் போயிட்டிருக்கு”ன்னான். தெல்ஃபினா உள்ளே பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். எனக்காக வைத்த சத்தம் அது.

நான் காலையில் காபியை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போய்விடுகிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது, சத்தமும் இல்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்தப் பறவை நாய்க்குப் பயப்படுமா? ஒரே மரத்தில் தங்குமா, இல்லை இடம் மாறிக்கொண்டே இருக்குமா? ஊரில் ஒருவர் கேட்டார். உனக்கு வேலை இருந்தால் இதற்குப் பதில் எழுத வேண்டாம், அவசரம் இல்லை. அவர் சீக்கிரம் தெரிந்தால் நல்லது என்று சொன்னார்.

அல்ஃபியுஸ்


மனாடோ
6 ஜூன் 2003

அண்ணா,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நாய் பக்கத்தில் இருந்தால் நியு தாழ்ந்த கிளைகளுக்கு வராது. ஒரே மரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவை இல்லை. மற்ற குருவிகளோடு சேர்ந்து பூச்சி தேடி நகரும். ஆனால் பிடித்த பள்ளத்தை விட்டு வெகு தூரம் போகாது. உயரமான பழைய மரங்கள் அடர்ந்து நிற்கிற இடம்தான் அதற்கு வேண்டும். அதை வெட்டிவிட்டால் பக்கத்துத் தோப்புக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளத் தெரியாது. இதை ஊரில் கேட்டவரிடம் சொல்லுங்கள்.

யார் அது கேட்டவர்? லெகாவெங்கில் மொத்தம் எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாதா? அங்கே யாருக்காவது பறவையின் மேல் அக்கறை வந்துவிட்டதென்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள், நான் அவருக்கே நேராகக் கடிதம் எழுதுகிறேன்.

அண்ணா, அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இந்த மாதக் கடைசி வரை ஒரு வரியை மாற்றலாம். உங்களிடமிருந்து இரண்டாவது கடிதம் ஒன்று வந்தால், முதல் கடிதத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

ஓர்பா


மனாடோ
21 ஜூலை 2003

அண்ணா,

சுகம்தானே? கப்பல் ஏழெட்டு முறை வந்து போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. போதகரின் மனைவி வந்திருந்தார். “உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்கார். ஆனா யாரோடயும் சரியாப் பேசறதில்லை”ன்னார்.

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது.

ஓர்பா


லெகாவெங்
10 ஆகஸ்ட் 2003

ஓர்பாவுக்கு அண்ணி எழுதறது.

நல்லா இருக்கியா? இங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுக்குத்தான். இந்த லெட்டர நான் எழுதினேன்னு உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். போதகரம்மா தஹூனா போறாங்க, அவங்க கையில கொடுத்து கப்பல்ல சேர்க்கச் சொல்றேன். எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. வாய்க்கு வர்றத எழுதறேன், கோவிச்சுக்காதே.

உங்க அண்ணன் என்கிட்ட பொய் சொல்றாரு. உன்கிட்டயும்தான். ரம்பம் நல்லாத்தான் இருக்கு. முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. அந்த முழங்காலோட தினம் விடிஞ்சதும் பாறைக்கு மேல ஆடு மாதிரி ஏறிப் போறாரே! நாயைக் கட்டிப் போட்டுட்டுப் போறாரு. எதுக்கு நாயக் கட்டறீங்கன்னு கேட்டா, அதுக்கு இருமல்ங்கறாரு. நாய்க்கு இருமலாம்!

ஒரு நாள் நானும் பின்னாலயே போனேன். கையில காபி ஆறிப் போயிருக்கு, வாயத் தொறந்துக்கிட்டு மேல பாத்துட்டு உக்காந்திருக்காரு. நானும் பாத்தேன். நீலமா ஒண்ணு, கொஞ்சம் மங்கலா இன்னொண்ணு. ஜோடி. என்னப் பாத்ததும் திருட்டுமுழி முழிச்சாரு. “இது வேற குருவி, தெல்ஃபினா”ன்னாரு. நான் இந்த மலையில பொறந்தவ. எனக்கு நியு தெரியாதா?

“அப்ப வெட்ட மாட்டீங்களா?”ன்னு கேட்டேன். “வெட்டுவேன். யார் சொன்னா வெட்ட மாட்டேன்னு? அடுத்த வாரம்”னாரு. அடுத்த வாரம் அடுத்த வாரம்னு மூணு மாசம் ஆச்சு.

“சரி, பறவை இருக்குன்னு தங்கச்சிக்காவது எழுதுங்க”ன்னேன். “எழுதினா கோட்டுக்குள்ள போயிடும். அப்பாவோட நிலத்த நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். மார்ட்டென் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”ங்கறாரு. வெட்டவும் மாட்டாரு, சொல்லவும் மாட்டாரு.

ஓர்பா, நான் உன்கூடப் பொறந்த மாதிரிதான் பழகறேன், அதனால நேராவே கேக்கறேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரு குருவிய நடுவுல வெச்சுக்கிட்டு என் தம்பிய ஏன் கரையில உக்கார வெக்கறீங்க? அவன் அடுத்தவன் படகுல கூலிக்குப் போறான். எனக்காகக் கடல்ல இறங்கினவன் அவன். வெட்டுன்னாவது சொல்லு, வெட்டாதேன்னாவது சொல்லு. நீ ஆபீஸ்ல இருக்கறவ, நீ சொன்னா கேப்பாரு.

மாத்திரை தீந்து போச்சு.

தெல்ஃபினா


மனாடோ
27 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் உங்கள் எல்லாருக்கும் நல்ல சுகம் தரட்டும். அண்ணிக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன், இந்த முறை இனிப்பு பூசியது.

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேச வனத்துறை அதிகாரியும் ஹெர்மான் ஐயாவும் நம் ஊருக்கு வருகிறார்கள். கோயில் கூடத்தில் கூட்டம். வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.

நானும் வரலாமா என்று கேட்டேன். அண்ணன் ஊர்த்தலைவர் என்பதால் நான் வருவது சரியாக இருக்காது என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

உங்களிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஓர்பா


லெகாவெங்
19 செப்டம்பர் 2003

ஓர்பா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எல்லாரும் சுகம், அதோடு விடு.

கூட்டம் நடந்தது. நீ இல்லாததால் முழுவதும் எழுதுகிறேன். பிறகு யாராவது வேறு மாதிரி சொல்லி நீ கேட்கக் கூடாது.

வரைபடத்தை மேசைமேல் விரித்தார்கள். சிவப்புக் கோடு மலையைச் சுற்றி வளைந்து வந்து, பெரிய பாறைக்கு மேலே நம் நிலத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. வனத்துறைக்காரர், “லெகாவெங் ஊர்க்காரங்களுக்குக் கவலை இல்ல. உங்க நிலம் எதுவும் கோட்டுக்குள்ள வரல”ன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மார்ட்டென் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்று மாதமாக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்ப தலைவர் நாளைக்கே ரம்பத்த எடுத்துடலாம்! முழங்கால் சரியாயிடும்!”னு கத்தினான். கூடமே சிரித்தது.

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. நன்றி சொல்லத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

“என் நிலத்துல நியு இருக்கு”ன்னேன்.

ஹெர்மான் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை?”

“ரெண்டு. ஜோடி. ஏப்ரல்லேர்ந்து பாக்கறேன்.”

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என்னுடையது. மை காய்ந்த முத்திரையோடு. கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். கிடையாது, கிடையாது, கிடையாது. நான் எப்போது அப்படி மூன்று முறை எழுதினேன்? படித்து முடித்துவிட்டு, மரியாதையாகத்தான், “தலைவரே, இதுல எத நாங்க நம்பறது?”ன்னார்.

“இப்ப சொல்றத நம்புங்க”ன்னேன்.

வனத்துறைக்காரர் சிரித்தார். “பக்கத்து ஊர்ல வெள்ளைக்காரங்க தங்க விடுதி கட்டறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பார்”ன்னார். ஓர்பா, என்னைப் பார்த்து! குருவியைக் காட்டி ஊரான் காசில் பிழைக்கப் பார்க்கிறேனாம்!

மார்ட்டெனும் எழுந்தான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, அவர்களைப் பார்த்துத்தான் பேசினான். “ஐயா, மச்சானுக்கு மரம் கொடுக்க மனசில்ல. அத நேரா சொல்ல முடியாம குருவி மேல போடறார். நான் மரம் கேக்கல. இனிமே யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.” சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

ஹெர்மான் ஐயா நல்ல மனிதர், அதை ஒப்புக்கொள்கிறேன். “நானே வந்து பாக்கறேன்”ன்னார். மறுநாள் காலையில் மேலே போனோம். நானும் அவரும் என்று நினைத்தால் வனத்துறைக்காரர், அவருடைய மூன்று ஆட்கள், போதகர், ஊரில் பாதிப் பேர். நாய்கள் வேறு. ஒரு குருவி என்ன, ஒரு கொசுகூட வராது. அதற்கடுத்த நாள் மழை, முன்னால் போகிறவன் முதுகு தெரியாத மழை. அன்று மாலை அவர்களுக்குக் கப்பல். படியிறங்கும்போது ஹெர்மான் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாக்காதத நான் எழுத முடியாது, தலைவரே. உங்க கடிதத்த நம்பித்தான் எழுதினோம். அது போதும், ஒரு தடவை.”

அரை வருடம் பொய் சொன்னேன், நாடே நம்பியது. ஒரு நாள் உண்மை சொன்னேன், என் மச்சானே நம்பவில்லை. இப்போது உனக்குத் திருப்தியா?

அல்ஃபியுஸ்


மனாடோ
15 அக்டோபர் 2003

அண்ணா,

எனக்கு எப்படித் திருப்தி இருக்கும்?

இத்தனை நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். எழுத உட்கார்ந்தால் காகிதத்தில் வசவுதான் வந்தது. ஏப்ரலில் “நிச்சயமாகத்தானே?” என்று கேட்டேன். ஜூனில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேட்டேன். அப்போது ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நானே அந்த இடத்தை அடித்து மாற்றியிருப்பேன். அதைவிட்டு, ஊரில் ஒருவர் கேட்டார், நாய்க்குப் பயப்படுமா! உங்களுக்கு என்ன வயதாகிறது, அண்ணா?

என் பங்கையும் சொல்கிறேன். ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தும் ஹெர்மான் ஐயாவிடம் சொல்லவில்லை. நீங்களே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். என் அண்ணன் பொய்க் கடிதம் கொடுத்தார் என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் முன்கூட்டியே, கூட்டம் சேர்க்காமல், தனியாக வந்து பார்த்திருப்பார்.

கூட்டம் முடிந்து அவர் திரும்பியதும் கேட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் கையெழுத்தாகிவிட்டது. எல்லையைத் திருத்துவது என்றால் சில வருடங்கள் கழித்துத்தான். அதற்கும் புகைப்படமோ பதிவு செய்த குரலோ வேண்டும். அதுவரை காகிதத்தின்படி பெரிய பாறைக்கு மேலே நியு இல்லை. நீங்கள் நாளைக்கே அத்தனை மரத்தையும் வெட்டினாலும் யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது. சட்டம் உங்கள் பக்கம்.

வெட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. மார்ட்டென் அண்ணனுக்குப் பட்ட கடன் எனக்கும் தெரியும். நான் இங்கே மேசையில் உட்கார்ந்து சொல்வது சுலபம், அங்கே வாசலில் அவர் முகத்தைப் பார்ப்பது நீங்கள்தான்.

அண்ணி என்மேல் கோபமாக இருந்தால் அது நியாயம் என்று சொல்லுங்கள்.

ஓர்பா


லெகாவெங்
23 நவம்பர் 2003

அன்புத் தங்கை ஓர்பாவுக்கு,

சுகமாக இரு. இங்கே பிள்ளைகள் சுகம். எனக்கும் உன் அண்ணிக்கும் பேச்சு இல்லை, அதைத் தவிர நோய் எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கீழ்க்கரையிலிருந்து தச்சன் ஒருவனைத் தெல்ஃபினாவே வரச் சொன்னாள். மார்ட்டெனையும் வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்தாள். ரம்பம், கயிறு எல்லாம் தயார். வாசலில் நின்றுகொண்டு, “இனி அரசாங்கமும் தடுக்கல, ஆபீசும் தடுக்கல, உங்க தங்கச்சியே எழுதிட்டா. இப்ப என்ன?”ன்னாள்.

ஓர்பா, நான் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கோட்டுக்குள் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரசாங்கத்தை வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். என் அப்பன் நிலத்தைப் பிடுங்கிவிட்டான்கள் பாவிகள் என்று மார்ட்டெனோடு சேர்ந்து நானும் கத்தியிருப்பேன். அவனும் என் தோளில் கை போட்டிருப்பான். இப்போது தடுக்க ஒருவனும் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

“அந்த மரத்துல கை வைக்க வேண்டாம்”ன்னேன்.

“ஏன்?”ன்னாள்.

மார்ட்டென்தான், “விடு அக்கா”ன்னான். அவள் விடவில்லை. “ஏன்னு சொல்லட்டும். என்னை விடக் குருவி ஒசத்தின்னு அவர் வாயால சொல்லட்டும்!”

நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். புது வீட்டுக்கென்று அறுத்து, உலர்த்தி, ஓலை போட்டு மூடி வைத்திருந்தேனே பலகைகள், அந்த ஓலையை எடுத்துவிட்டேன். “மச்சான், இத எடுத்துக்க. நல்லா உலர்ந்த மரம். பச்சை மரத்த விட இது தண்ணியில நிக்கும்”ன்னேன். தச்சன் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். அடிக்கட்டைக்கு மட்டும் கீழ்த்தோப்பில் நிற்கிற நம் ஈரப்பலா மரத்தை வெட்டினோம். நானே ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தேன்.

மார்ட்டென் எடுத்துக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. போகும்போது மட்டும், “நெஜமாவே ரெண்டு இருக்கா, மச்சான்?”னு கேட்டான். “இருந்துச்சு”ன்னேன்.

தெல்ஃபினா அன்றைக்கு முதல் என்னோடு பேசுவதில்லை. அவள் இந்த ஓட்டை வீட்டில் பதினைந்து வருடமாக ஒழுகலுக்குச் சட்டி வைத்துக்கொண்டு அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தம்பிக்குப் படகு கிடைத்துவிட்டது, அவளுக்கு வீடு போய்விட்டது. யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் என் தட்டில் சாகோ ரொட்டியைத் தூக்கிப் போடுகிறாள். போடட்டும். ரொட்டி சூடாகத்தான் இருக்கிறது.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கூட்டம் மேலே ஏறி வந்ததே, அன்றிலிருந்து இன்றைக்கு வரை அந்த ஜோடி என் கண்ணில் படவில்லை. தினமும் போகிறேன். நாயைக் கட்டிவிட்டுத்தான் போகிறேன். மற்ற குருவிகள் வருகின்றன, போகின்றன. நீலம் இல்லை. உள்பள்ளத்துக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். ஹெர்மான் ஐயா எழுதியதே உண்மையாகிவிட்டதோ என்னவோ.

இதைத் தெல்ஃபினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தட்டு உடையும்.

நீ கிறிஸ்துமஸுக்கு வா. உன் அண்ணி உன்னோடு பேசுவாள், அவளுக்கு யாரிடமாவது என்னைப் பற்றிப் பேசியாக வேண்டும். வரும்போது கருவி, புகைப்படப் பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு வராதே. பார்க்கிறதற்கு ஒன்றும் இல்லாமல் போகலாம்.

திரும்பி வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அந்த மரங்களை நான் வெட்டப் போவதில்லை. ஏன் என்று நீயாவது கேட்காதே. எனக்கே கேட்டுக் கேட்டு எரிச்சலாக வருகிறது.

உன் அண்ணன்,
அல்ஃபியுஸ்